ஏ.எஸ்.400க்கு எழுதும் கட்டளை: காசோலைக்கு உள்ள கவனம் அதற்கும் வேண்டும்

காசோலை எழுதிப் பழகிய எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருக்கும். "ஐயாயிரம் ரூபா" என்று எழுதியதோடு நிறுத்தமாட்டோம். "மாத்திரம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, மிச்ச இடத்தில் ஒரு கோடும் இழுத்துவிடுவோம். அந்தச் சொல்லால் தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காசோலை எங்கள் கையை விட்டுப் போனபிறகு வேறொருவர் அந்த வெற்றிடத்தில் எதையும் சேர்த்து எழுதாமல் இருக்க வைத்த காவல் அது. தொகையைச் சொல்லிலும் இலக்கத்திலும் இரண்டு தடவை எழுதுவதும் இப்படியான காவல்தான். கடைசியில் வருவது கையொப்பம். இந்தப் பணத்தை வெளியே விட யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது.

கணனி நிரல் ஒன்று தான் ஓடும் இயந்திரத்துக்கு எழுதி அனுப்பும் கட்டளையும் ஒரு காசோலைதான். அதிலும் வெற்றிடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. காசோலையைக் கவனமாக எழுதும் அலுவலகங்கள்கூட இந்தக் கட்டளைகளைக் கவனிப்பதில்லை. அவை திரைக்குப் பின்னால் நடப்பதால் கணக்காளர் கண்ணில் படுவதில்லை. நிரல் எழுதுபவருக்கோ அது ஒரு வரி வேலை. இடையில் சம்பளமும் கொடுப்பனவும் ஆண்டு முடிவுக் கணக்கும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆர்.பி.ஜி. என்ற நிரல்மொழியில் இது எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது, எப்படிக் காப்பது என்பதைக் கணக்குப் பதிவு தெரிந்த ஒருவருக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறோம்.

பச்சை எழுத்துத் திரைக்குப் பின்னால்

புலம்பெயர்ந்து வந்த எங்களில் பலருக்கு முதல் வேலை ஒரு களஞ்சியத்திலோ, மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ, காப்புறுதி அலுவலகத்தின் இரவு வேலையிலோதான் கிடைத்தது. ஊரில் எடுத்த வணிகமாணிப் பட்டத்தை மதிப்பார்களோ இல்லையோ, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளாக வரும் பட்டியலில் 1, 2, 3 என்று இலக்கம் அடித்து வேலை செய்யத் தெரிந்தால் போதும் என்று எடுத்தார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்.400.

ஆர்.பி.ஜி. அதைவிட மூத்தது. 1959இல், துளையிட்ட அட்டைகளில் வேலை செய்த ஐ.பி.எம். 1401 இயந்திரத்துக்காக, அறிக்கைகள் தயாரிக்கவென்றே அது உருவானது. அதன் பெயரின் பொருளும் 'அறிக்கை நிரல் ஆக்கி' என்பதுதான். ஏ.எஸ்.400 அறிவிக்கப்பட்டது 1988 ஜூன் 21. இன்று நிரல் எழுதுபவர்கள் அறிந்த ஆர்.பி.ஜி. நான்கு 1994இல் வந்தது. 2008 முதல் இயக்குதளத்துக்கு ஐ.பி.எம். 'ஐ' என்று பெயர். ஆனாலும் வேலைத்தளங்களில் இன்றைக்கும் ஏ.எஸ்.400 என்றுதான் சொல்வார்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னுமொரு செய்தி. ஆர்.பி.ஜி.யின் தொகுப்பியை வளர்த்தெடுத்தது ஐ.பி.எம்.மின் ரொறன்ரோ ஆய்வகம். அந்த ஆய்வகம் இருப்பது மார்க்கம் நகரில். தமிழ்க் கடைகளுக்குப் போகும் வழியில் நாங்கள் கடந்துபோகிற ஊர்தான் அது.

கட்டளைச் சரம் என்றால் என்ன

ஆர்.பி.ஜி. கணக்குப் பார்க்கும், பதிவுகளை வாசிக்கும், எழுதும், அறிக்கை அச்சிடும். ஒரு கோப்பை நகல் எடுப்பது, இன்னொரு வேலையை வரிசையில் போடுவது, ஒரு பயனருக்குச் செய்தி அனுப்புவது போன்றவை இயக்குதளத்தின் வேலைகள். அவற்றுக்கென்று சி.எல். என்ற கட்டளை மொழி தனியாக இருக்கிறது. ஆர்.பி.ஜி. நிரலுக்கு அப்படி ஒரு வேலை தேவைப்பட்டால், அந்தக் கட்டளையை ஒரு வாக்கியமாகக் கோர்த்து இயக்குதளத்திடம் கொடுக்கும். இந்த வாக்கியத்தைத்தான் கட்டளைச் சரம் என்கிறோம்.

கொடுப்பதற்குப் பழைய வாசல் ஒன்று உண்டு. அதன் பெயர் கியூ.சி.எம்.டி.ஈ.எக்ஸ்.சி. வாயால் சொல்லும்போது 'கியூ-கொமாண்ட்-எக்செக்' என்பார்கள். நாங்களும் சுருக்கமாக எக்செக் என்றே சொல்லுவோம். இன்னொரு வாசல், சி மொழியிலிருந்து வந்த 'சிஸ்டம்' என்ற செயற்கூறு. ஆர்.பி.ஜி. நான்கிலிருந்து அதையும் அழைக்கலாம். மூன்றாவது, எஸ்.கியூ.எல். வழியாக எக்செக்கை அழைப்பது. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு வாக்கியம் போகிறது, இயக்குதளம் அதை வாசித்துச் செய்கிறது.

கீழே வரும் உதாரணங்களில் கட்டளைச் சொற்களைத் தமிழாக்கித் தருகிறோம். இயந்திரத்தில் அவை ஆங்கிலச் சுருக்கங்களாக இருக்கும். அமைப்பு இதுதான்:

செய்தி-அனுப்பு வாசகம்('கணக்கு முடிந்தது') பெறுநர்(கணக்குப்பிரிவு)

முதலில் கட்டளையின் பெயர். பிறகு ஒவ்வொரு விபரமும் தன் பெயரோடும் அடைப்புக்குறியோடும் வரும். இடைவெளி உள்ள வாசகமாக இருந்தால் ஒற்றை மேற்கோட்குறிக்குள் வைக்கவேண்டும். இந்த வாக்கியத்தின் ஒரு பகுதியை நிரல் எழுதியவர் எழுதுகிறார். மற்றப் பகுதி, உதாரணமாக வாடிக்கையாளரின் பெயர், கோப்பிலிருந்தோ திரையிலிருந்தோ வந்து ஒட்டுகிறது. ஒட்டியபிறகு எது யாருடைய எழுத்து என்று இயக்குதளத்துக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

சொல்லிலும் இலக்கத்திலும்

எக்செக் இரண்டு விபரம் கேட்கும். ஒன்று கட்டளைச் சரம். மற்றது அதன் நீளம். காசோலையின் சொல்லும் இலக்கமும் போல.

அந்த நீளத்தை எழுதவேண்டிய முறை வேடிக்கையானது. மொத்தம் 15 இலக்கம், அதில் 5 தசம தானம். 42 எழுத்துள்ள ஒரு வாக்கியத்தின் நீளத்தை 42.00000 என்று கொடுக்கவேண்டும். எழுத்தை அரையும் காலுமாக எண்ணுவதற்காக அல்ல. சி.எல். மொழி தன் எண்களை வேறொரு நிரலுக்குக் கொடுக்கும்போது 15க்கு 5 என்ற அளவில்தான் கொடுக்கும். எக்செக் அந்த வழக்கத்துக்கு ஏற்பவே செய்யப்பட்டது.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏ.எஸ்.400இல் ஒரு நிரல் இன்னொன்றுக்கு விபரம் கொடுக்கும்போது, வழக்கமாகப் பெறுமானத்தைக் கொடுப்பதில்லை. அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியைத்தான் கொடுக்கிறது. 15 இலக்கப் பொதித்த எண்ணுக்கு 8 பைற் வேண்டும். நீங்கள் 5 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் அது 3 பைற்தான். எக்செக் அந்த முகவரிக்குப் போய், தனக்குரிய 8 பைற்றையும் வாசிக்கும். மிச்சம் 5 பைற்றும் பக்கத்து வீட்டுக்காரனுடையது. அங்கே என்ன கிடந்ததோ அதுவும் சேர்ந்துதான் நீளமாகும். பெரும்பாலும் அது எண்ணாகவே இராது, நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆர்.பி.ஜி. நான்கில், அழைக்கப்போகும் நிரல் என்ன என்ன அளவில் கேட்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். அப்படி அறிவித்துவிட்டால் தொகுப்பியே எண்ணை மாற்றிக் கொடுக்கும். எஸ்.கியூ.எல். வழியில் நீளத்தைச் சொல்லாமலே விடலாம். ஆனாலும் பழைய நிரல்களில் இந்த 15க்கு 5 கையால் எழுதப்பட்டுக் கிடக்கும். அதைத் திருத்தப் போகிறவருக்கு அதன் காரணம் தெரிந்திருக்கவேண்டும்.

நீளத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கட்டளையைக் கோர்த்து வைக்கும் இடத்துக்கு 80 எழுத்து ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். வாக்கியம் 95 எழுத்தாக வளர்ந்தால், ஆர்.பி.ஜி. முறைப்பாடு செய்யாமல் கடைசி 15 எழுத்தையும் வெட்டிவிடும். வெட்டு ஒரு அடைப்புக்குறிக்குள் விழுந்தால் அதிர்ஷ்டம்; இயக்குதளம் பிழை என்று திருப்பி அனுப்பும். வெட்டு இரண்டு விபரங்களுக்கு நடுவில் சரியாக விழுந்தால் மிஞ்சியது முழுமையான கட்டளையாகவே தெரியும். உதாரணத்துக்கு, கொடுப்பனவு வேலையை வரிசையில் போடும் கட்டளையின் கடைசியில் 'பிடித்து-வை(ஆம்)' என்று இருந்தது, அது வெட்டுப்பட்டது. மேலாளர் பார்த்து விடுவிக்கும்வரை காத்திருக்கவேண்டிய வேலை, வழக்கமான ஏற்பாட்டின்படி உடனே ஓடத் தொடங்கிவிடும்.

ஓ'பிரயனும் திருஞானசம்பந்தமூர்த்தியும்

இரண்டு வகைப் பெயர்கள் இந்தக் கட்டளைகளை உடைக்கும். ஒன்று ஐரிஷ் பெயர். மற்றது எங்களுடையது.

முதலில் ஐரிஷ் பெயர். வாடிக்கையாளர் பெயர் ஓ'பிரயன். அதை மேலே சொன்ன செய்திக் கட்டளையில் அப்படியே ஒட்டினால் இப்படி வரும்:

செய்தி-அனுப்பு வாசகம்('ஓ'பிரயன் கணக்கு முடிந்தது') பெறுநர்(கணக்குப்பிரிவு)

இயக்குதளம் முதல் மேற்கோட்குறியில் வாசகம் தொடங்குகிறது என்று எடுக்கும். 'ஓ' முடிந்ததும் இரண்டாவது குறி வருகிறது. வாசகம் முடிந்துவிட்டது என்று நினைக்கும். அதன்பிறகு வரும் பிரயன் யார் என்று அதற்குத் தெரியாது. கட்டளை விழுந்துவிடும். சி.எல். மொழியின் விதி, வாசகத்துக்குள் வரும் ஒவ்வொரு மேற்கோட்குறியையும் இரண்டாக எழுதவேண்டும் என்பது. ஓ''பிரயன் என்று எழுதினால் அது ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஆர்.பி.ஜி.யும் இதே குறியைத்தான் இதே விதியோடு பயன்படுத்துகிறது. ஆகவே ஆர்.பி.ஜி.யில் ஒரேயொரு மேற்கோட்குறியைக் குறிக்க, தொடர்ந்து நான்கு போடவேண்டும்: திறப்பதற்கு ஒன்று, நடுவில் இரட்டிப்பாக இரண்டு, மூடுவதற்கு ஒன்று. கட்டளைக்குள் கட்டளை வரும்போது இது எட்டும் பத்துமாகப் பெருகி, எழுதியவருக்கே அடுத்த கிழமை விளங்காது. அனுபவம் உள்ளவர்கள் ஒற்றை மேற்கோட்குறிக்கு ஒரு பெயர் வைத்து மேலே அறிவித்துவிடுவார்கள். கீழே அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்துவார்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வாசகத்தையும், ஒரு குறியை இரண்டாக்கும் சிறிய செயற்கூறு ஒன்றினூடாக அனுப்பியபிறகே ஒட்டுவார்கள். காசோலையில் கோடு இழுப்பது போன்ற வேலை இது.

இனி எங்கள் பெயர். திருஞானசம்பந்தமூர்த்தி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஏறக்குறைய 25 எழுத்து. தகப்பன் பெயர் பாலசுப்பிரமணியம் என்றால் இன்னும் 15. இடைவெளியோடு 41. இந்த நீளத்தில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள்.

பெயருக்கு 50 எழுத்து ஒதுக்கிய நிரல் ஒன்றை உடனே ஓட்டாமல் 'சப்மிட் ஜொப்' கட்டளை மூலம் வரிசையில் போடுகிறோம். அப்போது அழைப்பு முழுவதும் ஒரு சரமாக மாறி, மற்ற வேலை தொடங்கும்போது மீண்டும் விபரங்களாகப் பிரிக்கப்படுகிறது. இந்தப் பயணத்தில், பெயருக்குப் பின்னால் இருந்த வெற்றிடங்கள் வெட்டுப்படும். மறுபக்கத்தில் சி.எல். விதி இதுதான்: வாசகம் 32 எழுத்து அல்லது அதற்குக் குறைவென்றால் 32 வரை வெற்றிடம் நிரப்பிக் கொடுக்கும், 32க்கு மேலென்றால் உள்ளபடி, நிரப்பாமல் கொடுக்கும். வாங்கும் நிரலோ 50 எழுத்து வாசிக்கும். எங்கள் பெயரின் 41 எழுத்து சரி. பின்னால் வரும் 9 எழுத்தும் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த குப்பை.

சின்னப் பெயரிலும் உண்மையில் கடைசி 18 எழுத்துக்குப் பொறுப்பு யாருமில்லை. ஆனால் பெயரை அடுத்து 14, 20 வெற்றிடம் வருவதால் கோளாறு பலருடைய கண்ணுக்குத் தெரியாமல் போகும். அங்கே குப்பை இல்லாமல் இருக்கும் நாளும் உண்டு. பரிசோதனை செய்யும்போது எல்லோரும் அடிப்பது ஜோன் சிமித் என்ற பெயரைத்தானே. பரிசோதனையில் தேறிய நிரல், நீண்ட பெயர் வந்த அன்று காசோலையில் குப்பை எழுத்தை அச்சிடும். அப்போது "உங்கள் பெயர் எங்கள் சிஸ்ரத்துக்கு ஒத்துவரவில்லை" என்று எங்களுக்கே சொல்வார்கள். பெயரில் ஒரு குறையும் இல்லை. 50 எழுத்து வாங்குவதாகச் சொல்லிவிட்டு 50ஐக் கொடுக்காத கட்டளையில்தான் குறை.

தீர்வு பழையது, எளியது. அந்த நிரலுக்கென்று ஒரு சொந்தக் கட்டளையை வரையறுத்து, பெயர் 50 எழுத்து என்று அதில் அறிவித்துவிட்டால், அந்தக் கட்டளையே மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பிக் கொடுக்கும். அல்லது 51வது எழுத்தாக ஒரு புள்ளியை வைத்து அனுப்பலாம். கடைசியில் வெற்றிடம் இல்லாததால் வெட்டுப்படாது. "மாத்திரம்" என்ற சொல்லின் வேலையை அந்தப் புள்ளி செய்யும்.

வெற்றிடத்தில் எழுதுகிறவர்

இதுவரை சொன்னவை தற்செயலாக வரும் பிழைகள். அதே ஓட்டையை வேண்டுமென்றும் பயன்படுத்தலாம்.

'ஓப்பின் குவெரி ஃபைல்' என்ற பழைய கட்டளை, ஒரு கோப்பிலிருந்து வேண்டிய பதிவுகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுக்கும். சம்பள அறிக்கை நிரல் ஒன்று, கிளை இலக்கத்தைத் திரையில் கேட்டு இப்படி நிபந்தனை கோர்க்கிறது:

கிளை சமன் "05"

ஒருவர் அந்த இடத்தில் 05 என்று மட்டும் அடிக்காமல், மேற்கோட்குறியை மூடி மிச்சத்தையும் சேர்த்து அடித்தால் நிபந்தனை இப்படி ஆகும்:

கிளை சமன் "05" அல்லது கிளை சமனில்லை "05"

ஐந்தாம் கிளையும் வரும், ஐந்தாம் கிளை அல்லாத எல்லாமும் வரும். ஒரு கிளையின் பொறுப்பாளர் நிறுவனம் முழுவதன் சம்பளத்தையும் பார்த்துவிடுவார். எழுதப்பட்ட கட்டளையில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இயக்குதளம் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

பச்சைத் திரை நாட்களில் இது பெரிதாக நடக்கவில்லை. காரணம் பாதுகாப்பு அல்ல, திரையின் குறுகல். கிளை இலக்கத்துக்குத் திரையில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம். இரண்டு எழுத்தில் யாரும் சூழ்ச்சி செய்ய முடியாது. பிறகு அதே நிரலுக்கு முன்னால் இணையப் பக்கம் ஒன்றை வைத்தார்கள். இரண்டு எழுத்துக் கட்டுப்பாடு திரையோடு போய்விட்டது. நிரலுக்குள் அந்தச் சோதனை ஒருநாளும் இருந்ததில்லை. முன்வாசலை அகலமாக்கும்போது உள்ளே பூட்டு இருக்கிறதா என்று பார்க்க மறந்த கதை இது.

சி.எல். மொழியில் ஒரு சரத்துக்கு ஒரு கட்டளைதான் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அந்த ஒரு கட்டளை ஷெல்லை அழைக்கும் கட்டளையாக இருந்தால் அந்த ஆறுதலும் இல்லை. ஷெல்லில் ஒரு அரைப்புள்ளி போட்டு அடுத்தடுத்து எத்தனை கட்டளையும் எழுதலாம்.

கையொப்பம் யாருடையது

இந்தக் கட்டளை யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது? கணக்காளர்கள் முதலில் கேட்கவேண்டியதும், பொதுவாக ஒருவரும் கேட்காததும் இந்தக் கேள்விதான்.

ஏ.எஸ்.400இல் ஒரு நிரலை, அதை இயக்குபவரின் அதிகாரத்தோடு, நிரலின் சொந்தக்காரரின் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடும்படி செய்யலாம். ஏற்ற அதிகாரம் என்று சொல்லலாம். நல்ல நோக்கத்துக்குத்தான் அந்த ஏற்பாடு. எழுதுவினைஞருக்குச் சம்பளக் கோப்பில் நேரடி உரிமை வேண்டாம். நிரலின் வழியாக மட்டும் தொடட்டும். ஆனால் சொந்தக்காரராகப் பாதுகாப்பு அதிகாரி இருந்து, அந்த நிரலுக்குள் எக்செக்கும் இருந்து, அதற்குப் போகும் சரத்தின் ஒரு துண்டு திரையிலிருந்து வருமாக இருந்தால், மேலாளரின் கையொப்ப முத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போனது போன்ற நிலைமைதான்.

"எங்கள் ஆட்களுக்குக் கட்டளை அடிக்கும் உரிமையே இல்லை, பயனர் கணக்கில் தடுத்திருக்கிறோம்" என்று சொல்வார்கள். அந்தத் தடை உண்மையானதுதான். ஆனால் அது தடுப்பது திரையின் கட்டளை வரியில் அடிப்பதை. நிரலுக்குள்ளிருந்து எக்செக் வழியாகப் போகும் கட்டளையை அது தடுக்காது.

இன்னொன்று, கட்டளையின் பெயர். நூலகப் பெயர் சொல்லாமல் வெறும் கட்டளைப் பெயரை எழுதினால், இயந்திரம் அந்த வேலையின் நூலகப் பட்டியலில் வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை எடுக்கும். அதே பெயரில் ஒரு போலிக் கட்டளையை யாராவது முன்வரிசை நூலகத்தில் வைத்திருந்தால் அதுதான் ஓடும். "இன்னாருக்கு" என்று பெயர் எழுதாமல் கொண்டுவருபவருக்கு என்று காசோலை எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சத்தம்போடும் பிழையும் சத்தம்போடாத பிழையும்

கட்டளை தோற்றால் என்ன நடக்கும் என்பதில் எக்செக்கும் சிஸ்டமும் நேரெதிர்.

எக்செக் சத்தம் போடும். நிரலில் அதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் நிரல் அப்படியே நின்று, "அழைப்பு பிழையில் முடிந்தது" என்று ஒரு செய்தியை வைத்துக்கொண்டு சி, ஜி, டி, எஃப் என்ற எழுத்துகளில் ஒன்றைக் கேட்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தத் திரைக்கு முன்னால் இருப்பது நிரல் எழுதியவரல்ல. பெரும்பாலும் எங்களைப்போன்ற ஒருவர். சி என்றால் நிறுத்து. டி, எஃப் என்றால் நினைவக விபரத்தை அச்சிடு. ஜி என்றால் தொடர் என்று பலர் நினைப்பார்கள். அது நின்ற இடத்திலிருந்து தொடர்வதில்லை. நிரலின் அடுத்த சுற்றுக்குப் போகும். சில நிரல்களில் அதன் பொருள், கணிப்பு வேலையை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்வது. ஏற்கனவே எழுதிய கொடுப்பனவுகள் இரண்டாம் தடவை எழுதப்படலாம். காலையில் விளக்கம் கேட்கப்படுவது எழுத்தை அழுத்தியவரிடம். பத்து வருடத்துக்கு முன் பிழை ஏற்பாடு இல்லாமல் அந்தச் சரத்தை எழுதியவரிடம் அல்ல.

சிஸ்டம் சத்தம் போடாது. வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் 1 என்று ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். என்ன பிழை என்ற அடையாள இலக்கம் வேறொரு இடத்தில் வைக்கப்படும். திருப்பிக் கொடுத்த எண்ணைப் பார்க்காத நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டே வரியுள்ள ஆண்டு முடிவு நிரல் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: முதல் வரி, இந்த வருடப் பதிவுகளைக் காப்புக் கோப்புக்கு நகல் எடு. இரண்டாவது வரி, இந்த வருடக் கோப்பை வெறுமையாக்கு. காப்புக் கோப்பை வேறொருவர் பிடித்து வைத்திருந்ததால் முதல் வரி தோற்றது. இரண்டாவது வென்றது. திரையில் "ஆண்டு முடிவு நிறைவேறியது" என்று வரும்.

வரவைப் பதியாமல் செலவை மட்டும் பதிந்த பேரேடு சமப்படாது, யாராவது கண்டுபிடிப்பார்கள். இங்கே சமப்படுத்திப் பார்க்க மறுபக்கமே இல்லை. ஆகவே சிஸ்டத்தைப் பயன்படுத்துகிறவர் திருப்பிக் கொடுத்த எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும். எக்செக்கைப் பயன்படுத்துகிறவர் பிழையைப் பிடிக்கும் கண்காணிப்பு ஏற்பாட்டுக்குள் அதை வைக்கவேண்டும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிரலே ஒழுங்காக நிறுத்தி, விளங்கும் மொழியில் சொல்லவேண்டும். இரவு வேலைக்காரரின் ஊகத்துக்கு விடக்கூடாது.

எழுதாத காசோலை

மோசடி செய்ய முடியாத ஒரே காசோலை, எழுதாத காசோலை. பல இடங்களில் கட்டளைச் சரமே தேவையில்லை.

எந்தக் கோப்பைத் திறப்பது என்று ஓடும்போது முடிவெடுக்க, முன்பு 'ஓவர்ரைட்' கட்டளை ஒன்றைக் கோர்த்து எக்செக்குக்குக் கொடுப்பார்கள். ஆர்.பி.ஜி. நான்கில் கோப்பு அறிவிப்பிலேயே, பெயரை ஒரு மாறியிலிருந்து எடு என்று சொல்லிவிடலாம். தெரிந்தெடுத்த பதிவுகள் வேண்டுமென்றால் ஆர்.பி.ஜி.க்குள் எஸ்.கியூ.எல். எழுதி, கிளை இலக்கத்தைத் தனியாக ஒரு மாறியாகக் கொடுக்கலாம். அப்போது பயனர் எதை அடித்தாலும் அது கிளை இலக்கமாகவே பார்க்கப்படும், நிபந்தனையின் பகுதியாக மாறாது. வேறொரு ஆர்.பி.ஜி. நிரலை அழைக்கவேண்டுமென்றால், சரம் கோர்க்காமல் நேரடியாக அழைக்கலாம்.

சரம் தவிர்க்க முடியாத இடத்தில், பயனருக்குத் தெரிவை மட்டும் கொடுக்கவேண்டும். அவர் 1, 2, 3 அடிக்கட்டும். கட்டளையின் சொற்கள் நிரலுக்குள் நிலையாக இருக்கட்டும். கட்டளையை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சோதிக்கும் வாசலும் இந்த இயந்திரத்தில் உண்டு. அது பயன்தான். ஆனால் நிரப்பிய காசோலை ஒழுங்காக எழுதப்பட்டதா என்றுதான் அது பார்க்கும்; பணம் சரியான ஆளுக்குப் போகிறதா என்று பார்க்காது.

கணக்காய்வு செய்யும் எங்களவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரல் எழுதத் தெரிந்தால்தான் இதைக் கேட்கலாம் என்றில்லை. நிரல்களில் எக்செக், சிஸ்டம் என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று ஒரு பட்டியல் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: இந்த வாக்கியத்தில் வெளியிலிருந்து வரும் துண்டு எது? அது ஒட்டப்படும் முன் யார் சோதிக்கிறார்? யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது? தோற்றால் யாருக்குத் தெரியவரும்? பாதுகாப்புக் கணக்காய்வுப் பதிவேட்டில், ஒரு பயனரின் கட்டளைகளை வாக்கியத்தோடு பதியும்படி செய்யும் வசதி இந்த இயக்குதளத்தில் உண்டு. அதிகாரம் கூடிய பயனர்களுக்காவது அது இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இந்த நிரல்களை எழுதிய தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. கணனி படிக்கும் எங்கள் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு ஏதோவொரு நிறுவனத்தில் இந்தப் பழைய ஆர்.பி.ஜி. நிரலைத் திருத்தும் பொறுப்பை ஏற்பார்கள். பரிசோதனைக்கு என்ன பெயர் அடிப்பது என்று அவர்கள் யோசித்தால், ஜோன் சிமித் வேண்டாம். முதலில் ஓ'பிரயனை அடிக்கட்டும். பிறகு தங்கள் தாத்தாவின் முழுப்பெயரை, ஒரு எழுத்தும் குறைக்காமல் அடிக்கட்டும்.